லேப்டாப் திருடு போனாலும் ஃபைல்கள் திறக்கக் கூடாது: முழுமையான வழிகாட்டி

மூன்று வருஷத்துக்கு முன்னால் திருப்பூரிலிருந்து சென்னைக்கு ராத்திரி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு ஹோட்டலில் டீக்கு நிறுத்தினார்கள். இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டேன், தலைக்கு மேலே பார்க்கவே இல்லை. தாம்பரத்தில் எழுந்து பையை எடுக்கக் கை நீட்டினால் மேலே என் துண்டு மட்டும் கிடந்தது.

லேப்டாப்பின் விலை 52,000 ரூபாய். அந்த வருத்தம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஆனால் நான் ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்குப் பார்க்கிறவன். அதற்குள் ஏறக்குறைய நாற்பது பேருடைய ஆதார் காப்பி, பேன் கார்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், டேலி கணக்கு, போர்ட்டல் பாஸ்வேர்டுகள் எல்லாம் இருந்தன. மறுநாள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொன்னேன். பனியன் கம்பெனி வைத்திருக்கும் ஒரு பெரியவர் திட்டவில்லை, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க பொண்ணோட ஆதாரும் அதுலதானுங்களா தம்பி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. நம்மிடம் இருப்பது நம்முடைய ஃபைல் மட்டும் இல்லை, நம்மை நம்பி அடுத்தவர் கொடுத்தது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

"பாஸ்வேர்டு போட்டிருக்கிறேனே, போதாதா?"

போதாது. நானும் அப்படித்தான் நினைத்தேன். திருடு போனபின் வீட்டில் கிடந்த பழைய லேப்டாப் ஒன்றை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். அடிமூடியில் சின்ன ஸ்டார் ஸ்க்ரூ பத்து, கழற்றினால் உள்ளே சூயிங்கம் பட்டை அளவில் எஸ்எஸ்டி, ஃபைல்கள் எல்லாம் இருக்கும் டிஸ்க் அதுதான். அதை ஒரு யுஎஸ்பி கேஸில் செருகி மச்சானுடைய கம்ப்யூட்டரில் மாட்டினேன். புது டிரைவ் ஒன்று வந்தது. யூசர்ஸ் ஃபோல்டருக்குள் என் பெயரைக் கிளிக் செய்ததும் 'இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்று ஒரு பெட்டி. அதற்குக் கீழேயே 'கன்டினியூ' என்று ஒரு பட்டன். அழுத்தினேன். பச்சைக் கோடு கொஞ்ச நேரம் ஓடியது, அப்புறம் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் திறந்துகொண்டன. லாகின் பாஸ்வேர்டை யாரும் எங்கேயும் கேட்கவில்லை. பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

விஷயம் இவ்வளவுதான்: லாகின் பாஸ்வேர்டு விண்டோஸுக்குள் நுழையும் வாசலில் நிற்கும் காவலாளி. டிஸ்கைக் கழற்றி எடுப்பவன் அந்த வாசல் வழியாக வருவதே இல்லை. லினக்ஸ் போட்ட பென்டிரைவிலிருந்து மெஷினைக் கிளப்பினால் கழற்றக்கூட வேண்டாம். டிஸ்கில் எழுதியிருப்பதே புரியாத எழுத்தாக மாறினால்தான் பாதுகாப்பு. அதைத்தான் என்கிரிப்ஷன் என்கிறோம்.

இது சின்ன ஆட்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 2006 மே மாதம் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத் துறை ஊழியர் ஒருவரின் வீட்டிலிருந்து லேப்டாப்பும் வெளி டிஸ்க்கும் திருடு போயின. சுமார் 2 கோடியே 65 லட்சம் பேருடைய பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் அதில் என்கிரிப்ஷன் இல்லாமல் இருந்தன. அடுத்த மாதமே பொருள் கிடைத்துவிட்டது, யாரும் தொட்டதாகத் தெரியவில்லை என்று எஃப்பிஐ சொன்னது. இருந்தும் படைவீரர்கள் தொடுத்த வழக்கு 2009-ல் 2 கோடி டாலர் சமரசத்தில்தான் முடிந்தது.

முதலில், என்ன இருக்கிறது என்று பாருங்கள்

பூட்டுவதற்கு முன் வீட்டைக் கூட்ட வேண்டும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள், இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய செக் போட்டோகூட இருக்கும். ரீசைக்கிள் பின், ஸ்கேனர் தானாகச் சேமிக்கும் ஃபோல்டர், டெஸ்க்டாப்பில் 'புதிய ஃபோல்டர் 3' என்று கிடப்பது, எல்லாவற்றையும் பாருங்கள். வேலை முடிந்தவற்றை அழியுங்கள். இல்லாத ஃபைலை யாரும் திருட முடியாது.

இ-ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். அந்தப் பாஸ்வேர்டு பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருஷமும் என்பது ஊருக்கே தெரியும், அந்த இரண்டும் பக்கத்திலிருக்கும் பேன் கார்டு காப்பியில் அச்சாகியிருக்கும். ஆதார் எண் முழுதாகத் தேவைப்படாத வேலைக்கு, கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரை வாங்கி வையுங்கள்.

'பாஸ்வேர்ட்ஸ்' என்ற பெயரில் எக்செல் ஃபைல் இருந்தால் அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

அடுத்தது பேக்கப். என்கிரிப்ஷனைத் தொடங்கும் முன் எல்லாவற்றையும் ஒரு வெளி டிஸ்கில் நகல் எடுத்து, நாலைந்து ஃபைலைத் திறந்தும் பார்த்துவிடுங்கள். பாதியில் கரன்ட் போனாலும் பொதுவாக விட்ட இடத்திலிருந்து தொடரும், ஆனாலும் நகல் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். அந்த டிஸ்க் லேப்டாப் பையில் இருக்கக் கூடாது, பை போனால் இரண்டும் சேர்ந்து போகும். அதையும் பூட்டி வைக்க வேண்டும்: விண்டோஸ் ப்ரோ பதிப்பில் அந்த டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து, விண்டோஸோடு வரும் என்கிரிப்ஷன் பூட்டான பிட்லாக்கரை ஆன் செய்தால் பாஸ்வேர்டு கேட்கும். ஹோம் பதிப்பில் இப்படிப் பூட்ட முடியாது, பூட்டியதைத் திறக்க மட்டும் முடியும்.

டிஸ்க் முழுவதையும் பூட்டுவது

இதுதான் மையமான வேலை. செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் உங்கள் விண்டோஸ் ஹோமா, ப்ரோவா என்று தெரியும்.

ஹோம் என்றால் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' போய் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஆன் செய்யுங்கள். ஏற்கெனவே ஆனாகவே இருக்கலாம். 2024-ல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, விண்டோஸ் 11-ஐப் புதிதாக ஏற்றி மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்தால் பெரும்பாலான மெஷின்களில் இது தானாகவே ஓடிவிடுகிறது. லோக்கல் அக்கவுண்டில் நுழைகிறவர்கள் கவனியுங்கள், டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தும் 'வெயிட்டிங் ஃபார் ஆக்டிவேஷன்' என்று காட்டிக்கொண்டிருக்கலாம். பூட்டுப் போட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட நிலை அது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்தால்தான் சாவி வெளியே போய் வேலை முழுமையாகும்.

ப்ரோ என்றால் ஸ்டார்ட் மெனுவில் 'மேனேஜ் பிட்லாக்கர்' என்று தேடித் திறந்து சி டிரைவுக்கு ஆன் செய்யுங்கள். 'பயன்படுத்திய இடம் மட்டுமா, டிரைவ் முழுவதுமா' என்று ஒரு கேள்வி வரும். புது லேப்டாப் என்றால் முதலாவது போதும். வருஷக்கணக்கில் ஓடிய மெஷின் என்றால் முழு டிரைவைத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் நீங்கள் 'அழித்த' பழைய ஃபைல்களின் மிச்சம் காலி இடத்தில் கிடக்கும். கொஞ்சம் நேரம் பிடிக்கும், அதுபாட்டுக்குப் பின்னால் ஓடட்டும், சார்ஜரை மட்டும் மாட்டி வையுங்கள். டி டிரைவ் தனியாகப் பிரித்திருந்தால் அதற்கும் தனியாக ஆன் செய்ய வேண்டும். நம் ஊரில் பாதிப் பேர் கணக்கு முழுவதையும் டி-யில்தான் வைத்திருக்கிறார்கள், சி-யை மட்டும் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு, சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் 'ஃபைல்வால்ட்' இருக்கும், ஆன் செய்தால் போதும். லினக்ஸில் உபுண்டு மாதிரியானவை இன்ஸ்டால் செய்யும்போதே டிஸ்க் என்கிரிப்ஷனைக் கேட்கும், அப்போதே தேர்ந்தெடுத்துவிடுவது நல்லது, பிற்பாடு சேர்ப்பது பெரிய வேலை.

48 இலக்கச் சாவி

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பிட்லாக்கருக்கும் ஹோமின் டிவைஸ் என்கிரிப்ஷனுக்கும் ரெகவரி கீ என்று ஒரு மீட்புச் சாவி உண்டு, ஆறு ஆறு எண்ணாக எட்டுத் தொகுதி, மொத்தம் 48 இலக்கம். பயாஸ் (மெஷினைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஆனாலோ மதர்போர்டு மாற்றினாலோ ஒரு நாள் காலையில் நீலத் திரையில் அந்த எண்ணைக் கேட்டு நிற்கும். இல்லையென்றால் திருடனுக்கு எந்தக் கதியோ உங்களுக்கும் அதே கதி. சர்வீஸ் சென்டரோ மைக்ரோசாஃப்டோ யாரும் திறந்து தர முடியாது. 2024 ஜூலை 19-ம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனியின் அப்டேட்டால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தனவே, அன்றைக்குப் பல அலுவலகங்களில் ஆட்கள் தவித்தது இந்த எண்ணைத் தேடித்தான்.

சாவியை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் சேமிப்பதானால், வேறொரு கருவியிலிருந்து அந்த அக்கவுண்டுக்குள் போய் டிவைசஸ் பக்கத்தில் சாவி உண்மையிலேயே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தை ஒப்பிட்டு எது உங்களுடையது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் தாளில் ஒரு பிரின்ட். என்னுடையது வீட்டு பீரோவில் பத்திரங்களோடு இருக்கிறது, இன்னொன்று அக்கா வீட்டில். லேப்டாப் பையின் ஜிப்புக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள், அப்படி வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். பயாஸ் அப்டேட் செய்யும் முன் ப்ரோவில் 'சஸ்பெண்ட் புரொடெக்ஷன்' கொடுத்துவிட்டால் இந்தத் திரையே வராது.

மெஷின் கிளம்பும்போது கேட்கும் பின் நம்பர்

சாதாரண அமைப்பில் பிட்லாக்கரின் சாவி மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற சில்லில் இருக்கும். பவர் பட்டனை அழுத்தினால் அது தானாகச் சாவியைக் கொடுத்து விண்டோஸைக் கிளப்பிவிடும். டிஸ்கைக் கழற்றினால் திறக்காது, சரி. ஆனால் முழு மெஷினும் கையில் இருப்பவனுக்கும் உங்கள் ஃபைலுக்கும் நடுவே லாகின் பின் மட்டும்தான். அதனால் 1234, பிறந்த வருஷம், வண்டி நம்பர் இதெல்லாம் வேண்டாம். விண்டோஸ் பின்னில் எழுத்தும் சேர்க்கலாம், அதற்கான டிக் பின் மாற்றும் பெட்டியிலேயே இருக்கிறது.

அடுத்தவர் கணக்கு வைத்திருப்பவர்கள் ப்ரோ வாங்கி, விண்டோஸ் கிளம்பும் முன்னாலேயே ஒரு பின் கேட்கும்படி வைப்பது நல்லது என்பது என் கருத்து. விண்டோஸின் உள் விதிகளை மாற்றும் குரூப் பாலிசி எடிட்டரைத் திறந்து, கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனென்ட்ஸ், பிட்லாக்கர் டிரைவ் என்கிரிப்ஷன், ஆப்பரேட்டிங் சிஸ்டம் டிரைவ்ஸ் என்று ஒவ்வொன்றாக இறங்கி, 'ரெக்வயர் அடிஷனல் ஆதென்டிகேஷன் அட் ஸ்டார்ட்அப்' என்பதை எனேபிள் செய்யுங்கள். பிறகு மேனேஜ் பிட்லாக்கரில் ஸ்டார்ட்அப்பின்போது டிரைவ் எப்படித் திறக்க வேண்டும் என்று மாற்றும் இணைப்பு வரும், அங்கே பின்னைக் கொடுக்கலாம்.

மூடியை மூடினால் என்ன ஆகிறது

பலரும் லேப்டாப்பை அணைப்பதே இல்லை, மூடியை மூடிப் பைக்குள் போட்டுவிடுவோம். அது ஸ்லீப். அந்த நிலையில் டிஸ்கின் சாவி ராமில், அதாவது மெஷினின் தற்காலிக நினைவகத்தில், உயிரோடு இருக்கிறது. ராமைக் குளிரவைத்து அதிலிருந்து சாவியை எடுக்க முடியும் என்று பிரின்ஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் 2008-லேயே செய்து காட்டினார்கள். பஸ்ஸில் பை தூக்குகிறவன் அதைச் செய்யப்போவதில்லை, ஆனாலும் திருத்தம் ஒரு நிமிஷ வேலை. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் 'ஹைபர்னேட்' கொடுங்கள். பட்டியலில் இல்லையென்றால் அதே பக்கத்தில் 'சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவைலபிள்' என்பதை அழுத்திக் கீழே டிக் செய்தால் வந்துவிடும். ஹைபர்னேட்டில் ராமில் உள்ளது என்கிரிப்ட் ஆன டிஸ்கில் எழுதப்பட்டு மெஷின் நின்றுவிடும், முந்திய பகுதியில் சொன்ன பின் நம்பரும் வைத்திருந்தால் எழுப்பும்போது அதையும் கேட்கும். பயணம் போகும்போது ஷட்டவுன் செய்துவிடுங்கள், அதைவிட எளிது எதுவும் இல்லை.

எழுந்து போகும்போதெல்லாம் விண்டோஸ் பட்டனும் எல் பட்டனும். டீக்கடை வரை போனாலும்.

பெட்டிக்குள் ஒரு பெட்டி

டிஸ்க் முழுவதும் பூட்டியாயிற்று, இன்னொரு பூட்டு எதற்கு? இரண்டு காரணம். திறந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே பிடுங்கிக்கொண்டு ஓடினால் பிட்லாக்கர் ஒன்றும் செய்யாது. இரண்டாவது, கீபோர்டு மாற்றக் கடையில் கொடுக்கும்போது 'பாஸ்வேர்டு சொல்லிட்டுப் போங்க சார்' என்பார்கள், நாமும் சொல்லிவிட்டு வருவோம்.

இதற்கு நான் வைத்திருப்பது வெராகிரிப்ட், ஃபைல்களைப் போட்டுப் பூட்டும் பெட்டியைச் செய்து தரும் மென்பொருள். இலவசம், ஓப்பன் சோர்ஸ், 2014-ல் நின்றுபோன ட்ரூகிரிப்டின் வாரிசு. அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 'கிரியேட் வால்யூம்' அழுத்தி, 'என்கிரிப்டட் ஃபைல் கன்டெய்னர்', அடுத்து 'ஸ்டாண்டர்டு' என்று தேர்ந்தெடுத்து, பெட்டியாகப் போகும் அந்த ஃபைலுக்கு ஒரு பெயரும் இடமும் கொடுங்கள். என்கிரிப்ஷன் முறையை மாற்ற வேண்டாம், ஏஇஎஸ் என்று இருக்கும், அதுவே சரி. அளவு எனக்கு 20 ஜிபி. 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல்கள் வைப்பீர்களா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். பிறகு மவுஸைக் கன்னாபின்னாவென்று ஆட்டச் சொல்லும், கீழே உள்ள பட்டை நிறையும் வரை ஆட்டுங்கள், சாவி உருவாவதில் அந்த அசைவும் சேர்கிறது. 'ஃபார்மேட்' கொடுத்தால் முடிந்தது.

பயன்படுத்தும்போது ஒரு டிரைவ் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, ஃபைலைக் காட்டி, 'மவுன்ட்' அழுத்திப் பாஸ்வேர்டு கொடுத்தால் பென்டிரைவ் செருகியதுபோல் புது டிரைவ் வந்து நிற்கும். அதற்குள்தான் என் வாடிக்கையாளர்களின் ஆதார், பேன், ஸ்டேட்மென்ட் எல்லாம். வேலை முடிந்ததும் டிஸ்மவுன்ட், புதுப் பதிப்புகளில் அன்மவுன்ட் என்று இருக்கும். பழைய இடத்தில் இருந்த ஒரிஜினல்களை அழித்துவிட மறக்காதீர்கள், நகல் வெளியே கிடந்தால் பெட்டிக்குப் பொருளே இல்லை.

கன்டெய்னரை கூகுள் டிரைவிலோ டிராப்பாக்ஸிலோ போட்டு வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெராகிரிப்ட் வழக்கமாக அந்த ஃபைலின் மாற்றத் தேதியை மாற்றாமல் வைத்திருக்கும், அதனால் நீங்கள் உள்ளே சேர்த்தது மேலே ஏறாமலேயே போகலாம். பிரிஃபரன்சஸில் அந்த 'பிரிசர்வ் மாடிஃபிகேஷன் டைம்ஸ்டாம்ப்' டிக்கை எடுத்துவிடுங்கள். டேலிக்குத் தனியாக டேலிவால்ட் பாஸ்வேர்டு இருக்கிறது, கம்பெனி டேட்டாவையே என்கிரிப்ட் செய்யும், மறந்தால் திரும்ப எடுக்க வழி இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு போடுங்கள்.

பாஸ்வேர்டு எப்படி வைப்பது? ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஐந்தாறு சொல்லை எடுத்து ஆங்கில எழுத்தில் அடியுங்கள், ஒருக்காலும் சேர்ந்து வராத சொற்கள், 'மூக்குத்தி பஞ்சர் கொத்தமல்லி வாடகை நரி தையல்' என்பதுபோல். இதையே எடுத்துக்கொள்ளாதீர்கள், எழுதி வெளியே வந்த பாஸ்வேர்டு செத்த பாஸ்வேர்டு. குறள், பாட்டு வரி, சாமி பெயர், பிள்ளைகள் பெயர் எதுவும் வேண்டாம்.

அந்த எக்செல் ஃபைலும், பையில் இருக்கும் மற்றவையும்

பாஸ்வேர்டு எழுதிய எக்செல்லை அழித்துவிட்டு பிட்வார்டன், கீபாஸ்எக்ஸ்சி மாதிரி பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் மென்பொருள் ஒன்றை வையுங்கள். பிரவுசரிலேயே சேமித்து வைத்தால் திறந்த மெஷின் கிடைத்தவனுக்கு எல்லாம் கிடைக்கும். என் பை போனபோது எனக்கு அதிகம் பயம் கொடுத்தது ஃபைல்கள்கூட இல்லை, திறந்தபடி கிடந்த ஜிமெயில்தான். மெயில் கையில் இருந்தால் மற்ற எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் மாற்றிக்கொள்ளலாம்.

டிஎஸ்சி டோக்கனை, அதாவது டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி கருவியை, லேப்டாப் பையில் வைக்காதீர்கள். அதன் மேல் பின்னை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுகிற பழக்கம் நம் தொழிலில் சர்வ சாதாரணம், அடுத்தவர் கையெழுத்தை அவர் பெயரோடு தெருவில் போட்டு வைப்பதற்குச் சமம் அது. இன்றைக்கே கிழித்துவிடுங்கள்.

வாங்கிய பில், அடியில் உள்ள சீரியல் நம்பரின் போட்டோ இரண்டும் போனிலும் வீட்டிலும் இருக்கட்டும். 'ஃபைண்ட் மை டிவைஸ்' ஆனில் இருக்கட்டும், லேப்டாப் திரும்பிவரும் என்று நம்பி அல்ல, தூரத்திலிருந்து லாக் செய்யவாவது உதவும்.

போய்விட்டது என்று தெரிந்த அந்த மணி நேரம்

கை நடுங்கும், தெரியும். வரிசை மட்டும் நினைவிருக்கட்டும். போனிலிருந்து முதலில் மெயில் பாஸ்வேர்டை மாற்றி, கூகுள் அக்கவுண்டின் செக்யூரிட்டி பக்கத்தில் 'யுவர் டிவைசஸ்' போய் அந்த லேப்டாப்பை வெளியேற்றுங்கள். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' போய் லாக்அவுட். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் டிவைசை லாக் செய்யுங்கள். பிறகு பேங்க், ஜிஎஸ்டி, வருமான வரி போர்ட்டல்கள். வருமான வரித் தளத்தில் 'இ-ஃபைலிங் வால்ட்' என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் பாஸ்வேர்டு மட்டும் வைத்து நுழைய முடியாது, ஆதார் ஓடிபியோ நெட்பேங்கிங்கோ வேண்டும். இதைத் திருடு போகும் முன்பே செய்து வைப்பது இன்னும் நல்லது. டிஎஸ்சி போயிருந்தால் அதற்கு உரியவர் சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்குத் தாமதமில்லாமல் தெரிவித்து ரத்து செய்ய வேண்டும், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 42-வது பிரிவு அதைக் கடமையாகவே சொல்கிறது.

போலீஸ் புகார் கட்டாயம் கொடுங்கள். ஓடும் பஸ்ஸில் போனது எந்த ஊர் எல்லை என்று தெரியாமல் அலைய வேண்டாம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பிஎன்எஸ்எஸ் என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், ஜீரோ எஃப்ஐஆர் என்பார்கள். ரயிலில் என்றால் ரயில்வே உதவி எண் 139-க்குக் கூப்பிடுங்கள், ரயில்வே போலீஸிலும் எழுதிக் கொடுங்கள். பணம் போனதாகத் தெரிந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930.

அப்புறம், யாருடைய ஆவணம் இருந்ததோ அவர்களுக்கு நீங்களே போன் செய்யுங்கள், மெசேஜ் போதாது. ஆதாரில் உள்ள கைரேகை, கருவிழிப் பதிவை (பயோமெட்ரிக்) ஆதாரின் அதிகாரபூர்வச் செயலியில் எப்படி லாக் செய்வது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். டிஸ்க் பூட்டியிருந்தால் அதையும் சொல்லலாம், அந்த ஒரு வரியை அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை.

எல்லாம் முடித்தபின் புது லேப்டாப்பின் எஸ்எஸ்டியையும் கழற்றி அதே யுஎஸ்பி கேஸில் போட்டு மச்சானுடைய கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன். டிரைவ் மேலே மஞ்சள் பூட்டுப் படம், எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்றுகூடக் காட்டவில்லை. கிளிக் செய்தால் 48 இலக்கத்தைக் கேட்டது. 'கன்டினியூ' பட்டன் எங்கேயும் இல்லை. அடுத்த வாரம் அந்தப் பெரியவர் கணக்கு நோட்டோடு ஆபீஸுக்கு வந்தபோது அவர் கண்ணெதிரேயே இன்னொரு முறை மாட்டிக் காட்டினேன். பார்த்துவிட்டு, பொண்ணோட ஆதாரைப் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தார்.